பரிதாபப்பட்டது ஒரு குத்தமா? டு கில் எ மாக்கிங்பேர்ட் நாவல்ல யாரு யாருக்காக வருத்தப்படலாம்

ஹார்ப்பர் லீ எழுதி 1960ல வந்த டு கில் எ மாக்கிங்பேர்ட் பத்தி யாரு பேசினாலும் ஒரு வரி கண்டிப்பா வந்துரும். அட்டிகஸ் தன் பொண்ணு ஸ்கவுட்கிட்ட, ஒருத்தனோட தோலுக்குள்ள புகுந்து நடந்து பார்க்காம அவனைப் புரிஞ்சுக்கவே முடியாதுன்னு சொல்றது. போஸ்டர்ல போடுறாங்க, ஸ்கூல் ஸ்பீச்ல சொல்றாங்க, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லகூட பார்த்தாச்சு. அந்த வரி மூணாவது அத்தியாயத்துலயே வந்துருது, அப்ப ஸ்கவுட்டுக்கு ஆறு வயசு, ஸ்கூல்ல மொத நாள், டீச்சரோட சண்டை, இனிமே ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு அழுதுட்டு வந்து நிக்கிறப்ப அப்பா சமாதானத்துக்கு சொல்றது அது. நாவல் அங்க முடியல, அதுக்கப்புறம் இன்னும் இருபத்தெட்டு அத்தியாயம் இருக்கு, அதுல ஹார்ப்பர் லீ பண்றது என்னன்னா இந்த வரியை வேற வேற ஆளுங்க கையில குடுத்து என்ன ஆகுதுன்னு காட்டுறாங்க. எல்லாருக்கும் எல்லாருக்காகவும் வருத்தப்பட உரிமை இருக்கான்னா, கதை நடக்குற மேகாம்ப் ஊர்ல இல்ல. என்னைக் கேட்டா நாவலோட மையமே அதுதான்.

(கதை முழுக்க சொல்லப் போறேன், அறுபது வருஷம் தாண்டின புக்குக்கு ஸ்பாய்லர் அலர்ட்லாம் வேணாம்.)

படிக்காதவங்களுக்கு சுருக்கமா. மேகாம்ப்ங்கிறது அமெரிக்காவோட அலபாமா மாநிலத்துல ஒரு கற்பனை ஊர், காலம் 1933ல இருந்து 1935 வரைக்கும், பொருளாதார மந்தம் உச்சத்துல இருக்கு, விவசாயிங்க கைல காசே கிடையாது. அட்டிகஸ் ஃபின்ச் வக்கீல், மனைவி இறந்துட்டாங்க, ரெண்டு புள்ளைங்க, பெரியவன் ஜெம், சின்னவ ஸ்கவுட். கதையை சொல்றதும் ஸ்கவுட்தான், வளர்ந்தப்புறம் திரும்பிப் பார்த்து சொல்றா. டாம் ராபின்சன்னு ஒரு கறுப்பினத் தொழிலாளி மேல, மேயெல்லா யூவல்ங்கிற வெள்ளைக்காரப் பொண்ணை பாலியல் வன்கொடுமை பண்ணாருன்னு கேஸ், அட்டிகஸ் அவருக்காக வாதாடுறாரு. டாமோட இடது கை சின்ன வயசுலயே பஞ்சு மெஷின்ல சிக்கி செயலிழந்து போச்சு, மேயெல்லா முகத்துல காயம் வலது பக்கம், அவ அப்பன் பாப் யூவல் இடது கைக்காரன். அடிச்சது அப்பன்தான்ங்கிற உண்மை கோர்ட்ல எல்லாருக்கும் தெரிஞ்சுருது, ஆனாலும் ஜூரி குத்தவாளின்னு சொல்லிடுது. அப்பீலுக்கு முன்னாடியே டாம் ஜெயில்ல இருந்து தப்பிக்கப் பார்த்தாருன்னு சுட்டுக் கொல்றாங்க, உடம்புல பதினேழு குண்டு.

இது ஒண்ணும் ஆகாசத்துல இருந்து வந்த கதை இல்ல. 1931ல அலபாமாவுல ஸ்காட்ஸ்பரோ வழக்குன்னு ஒண்ணு நடந்துச்சு, கூட்ஸ் ரயில்ல போன ஒன்பது கறுப்பினப் பசங்க மேல, ரெண்டு வெள்ளைக்காரப் பொண்ணுங்களைக் கெடுத்ததா குத்தம் சாட்டினாங்க, எல்லாரும் வெள்ளைக்காரங்களா இருந்த ஜூரி சில நாள்லயே எட்டு பேருக்கு மரண தண்டனை குடுத்துச்சு. அந்த ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்தங்க பின்னாடி அப்படி எதுவும் நடக்கலன்னு கோர்ட்லயே சொன்னாங்க, அதுக்கப்புறமும் ஜூரி குத்தவாளின்னுதான் சொல்லுச்சு. ஹார்ப்பர் லீயோட அப்பா ஏ. சி. லீயும் வக்கீல்தான், மன்ரோவில்ங்கிற சின்ன ஊர், அவரு 1919ல கொலைக் கேஸ்ல மாட்டின ரெண்டு கறுப்பினத்தவருக்காக, அப்பா மகன் ரெண்டு பேரு, வாதாடினாரு, ரெண்டு பேரையும் தூக்குல போட்டுட்டாங்க, அதுக்கப்புறம் அவரு கிரிமினல் கேஸே எடுக்கல. நாவல்ல பக்கத்து வீட்டுப் பையன் டில்லா வர்றது, பின்னாடி பெரிய எழுத்தாளரான ட்ரூமன் கபோட்டியோட சின்ன வயசு, அவங்க நிஜமாவே பக்கத்து வீட்டு ஃப்ரெண்ட்ஸ்.

சரி, குடும்பத்துக்கு வருவோம், ஏன்னா இந்தப் புக்ல யாருக்காக மனசு இளகணும்னு கத்துக் குடுக்குற இடம் வீடுதான், ஸ்கூல்ல ஒண்ணும் கத்துக் குடுக்கல.

ஃபின்ச் வீடு கொஞ்சம் வித்தியாசமான வீடு. புள்ளைங்க அப்பாவைப் பேர் சொல்லி அட்டிகஸ்னுதான் கூப்பிடுதுங்க (நம்ம வீட்ல முயற்சி பண்ணிப் பாருங்க). அம்மா இல்ல, ஸ்கவுட்டுக்கு ரெண்டு வயசுல போய்ட்டாங்க, அவளுக்கு ஞாபகம்கூட இல்ல, ஜெம்முக்கு இருக்கு, விளையாடிட்டே இருப்பான் திடீர்னு பெருமூச்சு விட்டுட்டு தனியா போய் உக்காந்துப்பான், அப்ப அவனைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியும். அப்பா லெக்சர் அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் புள்ளைக்கு அண்ணன் மனசு படிக்கத் தெரிஞ்சிருக்கு.

அந்த வீட்டை நடத்துறது கல்பூர்னியா, கறுப்பின சமையல்காரம்மா. சமையல் மட்டும் இல்ல, ஸ்கவுட்டுக்கு எழுதக் கத்துக் குடுத்ததே அவங்கதான். அதே மொத நாள் மதியம் ஜெம் ஏழை விவசாயி மகன் வால்ட்டர் கன்னிங்ஹாமை சாப்பிட வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றான், அந்தப் பையன் சோறு கறி எல்லாத்து மேலயும் சர்க்கரைப் பாகை ஊத்திக்கிறான், ஸ்கவுட் "என்னடா பண்ற"ன்னு கேட்டுடுறா, கல்பூர்னியா அவளை கிச்சனுக்குள்ள இழுத்துட்டுப் போய் வாங்கு வாங்குன்னு வாங்குறாங்க. அவன் நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளி, மேஜை விரிப்பையே திங்கணும்னு நெனச்சாலும் திங்க விடு, இந்த வீட்டு வாசப்படி மிதிச்சவங்க யாரா இருந்தாலும் விருந்தாளிதான். தட்டைத் தூக்கிட்டு கிச்சன்ல உக்காந்து சாப்பிடுன்னு அனுப்பிடுறாங்க. இது நடந்தது மதியம், அட்டிகஸ் தோலுக்குள்ள புகுந்து பாருன்னு சொன்னது ராத்திரி. மொத பாடம் கல்பூர்னியாவோடது, கோட் பண்றது மட்டும் அட்டிகஸை. பாவம் அவங்க.

பன்னெண்டாவது அத்தியாயத்துல இன்னும் சுவாரசியம். அட்டிகஸ் ஊர்ல இல்ல, கல்பூர்னியா ரெண்டு புள்ளைங்களையும் குளிப்பாட்டி, கஞ்சி போட்ட டிரெஸ் மாட்டிவிட்டு, தன்னோட சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. லூலான்னு ஒரு பொம்பளை வழி மறிச்சு, வெள்ளைக்காரப் புள்ளைங்களை நம்ம சர்ச்சுக்கு எதுக்குக் கூட்டிட்டு வர்றேன்னு கேக்குறாங்க, அதுக்கு கல்பூர்னியாவும், இவங்க என் விருந்தாளிங்கன்னுதான் சொல்றாங்க. லூலா விட மாட்டேங்குறாங்க, ஆமா, வார நாள்ல நீ ஃபின்ச் வீட்லயும் விருந்தாளிதான் போலன்னு குத்துறாங்க. புக் முழுக்க இதுக்கு யாரும் பதில் சொல்லல. ஸ்கவுட்டுக்கு அந்தக் குத்தல் புரியல, படிக்கிற பாதிப் பேருக்கும் புரியாமத் தாண்டிடுறாங்கன்னு நெனைக்கிறேன். கல்பூர்னியா அங்க பேசுற பேச்சே வேற மாதிரி இருக்குன்னு ஸ்கவுட் கவனிக்கிறா, அவங்களுக்குப் பொறந்த நாள் தெரியாது கிறிஸ்துமஸ் அன்னிக்கு வச்சுக்குறாங்கன்னு தெரிஞ்சுக்குறா, நம்ம வீட்டைத் தாண்டி இவங்களுக்கு ஒரு வாழ்க்கை இருக்குன்னே அவளுக்கு அன்னிக்குத்தான் உறைக்குது. உன் வீட்டுக்கு ஒரு நாள் வரட்டுமான்னு கேக்குறா, அவங்களும் தாராளமா வாம்மாங்குறாங்க.

திரும்பி வீட்டுக்கு வந்தா அலெக்ஸாண்ட்ரா அத்தை பெட்டியோட வந்து உக்காந்திருக்காங்க. வந்ததும் மொத வார்த்தை, கல்பூர்னியா இந்தப் பெட்டியை முன் ரூம்ல கொண்டு போய் வை. கல்பூர்னியா வீட்டுக்கு நீ போகவே கூடாதுன்னு ஸ்கவுட்கிட்ட சொல்றதும் அத்தைதான். அட்டிகஸ் அப்ப என்ன பண்றாரு? கல்பூர்னியாவை வேலைய விட்டு அனுப்பிடுன்னு தங்கச்சி சொன்னதை உறுதியா மறுக்குறாரு, அவங்க இந்தக் குடும்பத்துல ஒருத்தர்னு சொல்றாரு, அது பெரிய விஷயம்தான். ஆனா ஸ்கவுட் அவங்க வீட்டுக்குப் போகலாமாங்கிறதுக்கு ஆமான்னு அவரு வாயில இருந்து வரவே இல்ல. அடுத்தவன் தோலுக்குள்ள புகுந்து நடக்கலாம், ஆனா அடுத்தவங்க தெருவுக்குள்ள நடக்கக் கூடாது, ஸ்கவுட்டுக்குக் கிடைச்ச அனுமதி அவ்ளோதான்.

அலெக்ஸாண்ட்ராவை வில்லியாப் பார்க்குறது சுலபம், அப்படி எழுதலங்கிறதுதான் அழகு. அவங்களுக்கு குலப் பெருமை வெறி, ஃபின்ச் குடும்பம்னா எப்படிப்பட்ட குடும்பம் தெரியுமான்னு அண்ணனை விட்டே புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க வைக்கிறாங்க, அவரு பாதியில வெறுத்துப் போய் நான் சொன்னதெல்லாம் மறந்துருங்கன்னு எழுந்து போயிடுறாரு. வால்ட்டர் கன்னிங்ஹாமை வீட்டுக்குக் கூப்பிடக் கூடாதா ஏன்னு ஸ்கவுட் நோண்டி நோண்டிக் கேக்குறப்ப, அவன் மட்டமான சாதிசனம்ங்குற மாதிரி ஒரு பதில் வருது. ஜெம் அதை வச்சு ஊர்ல நாலு வகை ஆளுங்கன்னு தியரி போடுறான், நம்மள மாதிரி ஆளுங்க, காட்டுப்பக்க கன்னிங்ஹாம் மாதிரி ஆளுங்க, குப்பைமேட்டு யூவல் மாதிரி ஆளுங்க, அப்புறம் கறுப்பினத்தவங்க. ஸ்கவுட் ஒரே வகைதான் இருக்குன்னு சொல்றா. ஜெம்மும் அவ வயசுல அப்படித்தான் நெனச்சானாம், அப்படின்னா ஏன் ஒருத்தரை ஒருத்தர் இவ்ளோ வெறுக்குறாங்கன்னு திருப்பிக் கேக்குறான். பன்னெண்டு பதிமூணு வயசுப் பையன்.

இப்ப கோர்ட்டுக்கு வரலாம், நான் இவ்ளோ நேரம் சுத்திட்டு இருந்ததே இதுக்குத்தான்.

மேயெல்லாவுக்குப் பத்தொம்பது வயசு. ஊர்க் குப்பைமேட்டுக்குப் பின்னாடி வீடு, அம்மா இல்ல, குடிகார அப்பன், கீழ ஒரு கும்பல் தம்பி தங்கச்சிங்க, எல்லாரையும் வளர்க்குறது இவ. அந்தக் கேவலமான முற்றத்துல ஒரு ஓரத்துல ஆறு உடைஞ்ச எனாமல் பானையில செவப்பு ஜெரேனியம் பூச்செடி, அவ்ளோ அக்கறையா பராமரிச்சு வளர்ந்திருக்கு, அது மேயெல்லா வச்சதுன்னு ஊர்ல சொல்லிக்குறாங்க. அட்டிகஸ் அவளை மரியாதையா மிஸ் மேயெல்லான்னு கூப்பிட்டா தன்னைக் கிண்டல் பண்றாருன்னு நெனச்சு ஜட்ஜ்கிட்ட கம்ப்ளைன்ட் பண்றா, ஏன்னா வாழ்க்கைல யாரும் அப்படிக் கூப்பிட்டது இல்ல. உனக்கு ஃப்ரெண்ட்ஸ் யாராவது இருக்காங்களான்னு கேட்டாலும் கிண்டல்னே நெனைக்கிறா. வீட்டை விட்டு வெளியவே வராத தெருக்காரன் பூ ராட்லியை விடத் தனிமையான ஆளு இவதான்னு பால்கனில உக்காந்து பாக்குற ஸ்கவுட் நெனச்சுக்குறா.

அந்த வழியா வேலைக்குப் போயிட்டு வர்ற டாம் ராபின்சனைக் கூப்பிட்டு, விறகு வெட்டிக் குடு, தண்ணி எடுத்துக் குடுன்னு சின்னச் சின்ன வேலை சொல்லுவா, அவரும் காசு வாங்காம செஞ்சு குடுப்பாரு. சம்பவம் நடந்த அன்னிக்கு வீட்ல புள்ளைங்க சத்தமே இல்லையேன்னு டாம் கேக்குறாரு. ஒரு வருஷமா சேத்து வச்ச ஏழு நிக்கல் காசைக் குடுத்து எல்லாரையும் ஐஸ்கிரீம் திங்க டவுனுக்கு அனுப்பிட்டேன்னு சொல்றா. மொத்தமே முப்பத்தஞ்சு சென்ட், ஒரு வருஷ சேமிப்பு, ஒரு மனுஷனைத் தொட்டுப் பார்க்க. அப்புறம் அவரைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்குறா, ஜன்னல் வழியா அப்பன் பாத்துடுறான்.

அலபாமாவுல அப்ப வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கல்யாணம் பண்றதே சட்டப்படி குத்தம், அந்த மாதிரி சட்டத்தையெல்லாம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தூக்கிப் போட்டதே 1967லதான். அதனால மேயெல்லா ஆசைப்பட்டாங்கிறதை ஊர் நம்ப முடியாது, நம்பினா மொத்தக் கட்டடமும் ஆடிரும். அந்த முத்தத்தை அழிக்கணும்னா டாமை அழிக்கணும்.

குறுக்கு விசாரணைல அரசு வக்கீல் கில்மர், மூணு புள்ளைக்கு அப்பாவான டாமை பையா பையான்னுதான் கூப்பிடுறாரு, காசு வாங்காம இவ்ளோ வேலை ஏன் செஞ்சேன்னு துருவித் துருவிக் கேக்குறாரு. டாம் உண்மையைச் சொல்றாரு, அந்தப் பொண்ணைப் பார்த்தா பாவமா இருந்துச்சு, அந்த வீட்ல மத்தவங்களை விட அதுதான் கஷ்டப்படுற மாதிரி தெரிஞ்சுச்சு.

அவ்ளோதான், கேஸ் முடிஞ்சுச்சு. கில்மர் கூரைக்கே எகிறப் போற மாதிரி, நீ அவளுக்காகப் பரிதாபப்பட்டியா, நீயான்னு கேட்டுட்டு, அது எல்லார் மண்டையிலயும் இறங்கட்டும்னு சும்மா நிக்கிறாரு. கீழ உக்காந்திருந்த வெள்ளைக்காரங்க யாருக்கும் அந்த பதில் பிடிக்கலன்னு ஸ்கவுட் சொல்றா. டாமுக்கும் தப்பு பண்ணிட்டோம்னு புரிஞ்சிருது. எடம் வலம்லாம் நிரூபிச்சு அட்டிகஸ் கட்டின கேஸை சாட்சியம் எதுவும் சாய்க்கல, சாய்ச்சது ஒரு நல்ல மனசு வெளியே சொன்ன ஒரே வாக்கியம்.

அடுத்த அத்தியாயத்துல அட்டிகஸ் ஜூரி முன்னாடி பேசும்போது என்ன சொல்றாருன்னு கவனிங்க. எனக்கு மேயெல்லா மேல பரிதாபம்தான் இருக்கு, ஆனா ஒரு ஆளோட உயிரை அதுக்காகப் பணயம் வைக்க முடியாதுங்குறாரு. அதே ரூம், அதே பொண்ணு, அதே பரிதாபம். அட்டிகஸ் சொன்னப்ப யாரும் மூக்கைச் சுளிக்கல. டாம் சொன்னா திமிரு. வருத்தப்படுறதுன்னா மேல நிக்கிறவன் கீழ குனிஞ்சு பார்க்குறதுன்னு அந்த ஊரு முடிவு பண்ணி வச்சிருக்கு, ஒரு கறுப்பினத் தொழிலாளி வெள்ளைக்காரப் பொண்ணைப் பார்த்து பாவம்னு சொல்லிட்டா அப்ப அவரு எங்க நிக்கிறாரு, அவ எங்க நிக்கிறாங்கிற கேள்வி வந்துருமே. அட்டிகஸுக்கே இது தெரியும், வெள்ளைக்காரப் பொண்ணுக்காகப் பரிதாபப்படுற துணிச்சல் இவருக்கு வந்துச்சுன்னுதான் கோபம்னு ஜூரிகிட்ட நேராவே போட்டு உடைக்குறாரு. சொல்லியும் ஒண்ணும் ஆகல.

டில் அந்த விசாரணையைப் பார்த்து அழுதுடுறான், கில்மர் பேசின விதம் அவனுக்குத் தாங்கல, ஸ்கவுட் அவனை வெளிய கூட்டிட்டு வந்து, அவரு எல்லா எதிர்த்தரப்பு சாட்சிகிட்டயும் அப்படித்தான்டா பேசுவாருன்னு ரொம்ப சாதாரணமா சொல்றா. அட்டிகஸ் பொண்ணுதான் அவ, ஆனா அழறது அம்மா அப்பா யாருக்கும் வேண்டாதவனா மாமி வீட்ல வந்து கிடக்குற டில். இன்னும் கொஞ்சம் வளர்ந்தா இவன் அழ மாட்டான்னு வெளிய உக்காந்திருக்குற டால்ஃபஸ் ரேமண்ட் சொல்றாரு.

இருபத்துநாலாவது அத்தியாயத்தை எல்லாரும் வேகமாத் தாண்டிடுறாங்க, எனக்கு அதுதான் புக்லயே கசப்பான பகுதி. ஃபின்ச் வீட்ல அலெக்ஸாண்ட்ரா நடத்துற சர்ச் பெண்கள் சங்க டீ பார்ட்டி. மிஸ்ஸஸ் மெர்ரிவெதர்னு ஒரு அம்மா, எங்கயோ தூர தேசத்துல மருனாங்கிற பழங்குடி மக்கள் படுற பாட்டைச் சொல்லிக் கண்ணீர் விடுறாங்க, ஸ்கவுட் பாத்துட்டு இருக்கா. அடுத்த மூச்சுலயே, அந்தத் தீர்ப்புக்கப்புறம் எங்க வீட்டு சமையல்காரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே திரியுறா, பாக்கவே எரிச்சலா இருக்குன்னு பேச்சு. தூரத்துல இருக்குறவங்களுக்காக அழுறதுக்கு செலவே இல்ல, சொந்தக் கிச்சன்ல நிக்கிற பொம்பளையோட துக்கம் மட்டும் மரியாதைக் குறைவா தெரியுது. இந்தப் பேச்சு ஓடும்போது கல்பூர்னியாவும் அங்கயே பலகாரம் பரிமாறிட்டு இருக்காங்க.

அப்பத்தான் அட்டிகஸ் உள்ள வந்து டாம் செத்துட்டாருன்னு கிச்சன்ல சொல்றாரு, டாம் மனைவி ஹெலன்கிட்ட சொல்லத் துணைக்கு வான்னு கல்பூர்னியாவைக் கூட்டிட்டுப் போறாரு. அலெக்ஸாண்ட்ரா மொத தடவையா ஒடையுறாங்க, இந்த ஊரு என் அண்ணனைப் பிச்சுத் திங்குதேன்னு. கவனிங்க, அவங்க ஒடையுறது அண்ணனுக்காக, டாமுக்காக இல்ல. அவங்க மனசுக்கு எட்டுற தூரம் அவ்ளோதான், ரத்த சொந்தம் வரைக்கும், ஆனா அந்த தூரம் வரைக்கும் அது உண்மை. அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு மறுபடி ஹாலுக்குப் போய் காபி ஊத்துறாங்க, ஸ்கவுட்டும் பிஸ்கட் தட்டைத் தூக்கிட்டுப் பின்னாடியே போறா, அத்தையால முடியும்னா என்னாலயும் முடியும்னு. வீட்டுக்குள்ள துக்கத்தை மறைச்சு மானத்தைக் காப்பாத்துற வித்தையை அன்னிக்கு அவ கத்துக்குறா. அது நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் தீரல.

அட்டிகஸோட வைத்தியம் அவருக்கே பலிக்காத இடமும் இருக்கு. பாப் யூவல் அவரு மூஞ்சில துப்புறான், புள்ளைங்க பயப்படுதுங்க, அவரு ஜெம்கிட்ட யூவல் இடத்துல நின்னு யோசிச்சுப் பாரு, அவன் மானத்தை நான் கோர்ட்ல வாங்கிட்டேன், என்னைத் துப்பினதால மேயெல்லாவுக்கு ஒரு அடி மிச்சம்னா பரவாயில்லங்குறாரு. நல்ல எண்ணம்தான், ஆனா கணக்கு தப்பு. ஹாலோவீன் ராத்திரி அந்த ஆளு கத்தியோட வந்தது இவரு புள்ளைங்க மேல, ஜெம் கை ஒடையுது. கு க்ளக்ஸ் கிளான்ங்கிற வெள்ளை இனவெறிக் கும்பலைப் பத்திக்கூட அது பழைய காலத்துல ஏதோ அரசியல் கட்சி மாதிரின்னு புள்ளைங்ககிட்ட சாதாரணமா சொல்லுவாரு, அதைச் சொன்னதுக்குக் கொஞ்ச நாள்லயே ஜெயில் வாசல்ல டாமை இழுத்துட்டுப் போக ஒரு கூட்டம் நிக்குது. எல்லாரையும் உள்ளுக்குள்ள நல்லவன்னு பார்க்குற பழக்கம் சில நேரம் கண்ணை மறைக்கும், ஹார்ப்பர் லீ தெரிஞ்சேதான் அந்த ஓட்டையை வச்சிருக்காங்கன்னு என் கணிப்பு.

முடிவுல புள்ளைங்களைக் காப்பாத்தினது, வருஷக் கணக்கா வீட்டை விட்டு வெளிய வராத பூ ராட்லி. யூவல் செத்துக் கிடக்குறான், அவனே தன் கத்தி மேல விழுந்துட்டான்னு ஷெரிஃப் ஹெக் டேட் முடிவு பண்ணிடுறாரு, வெட்கப்பட்டு ஒளிஞ்சு வாழுற மனுஷனை ஊர் வெளிச்சத்துக்கு இழுக்குறது பாவம்னு. ஸ்கவுட்டும் ராட்லி வீட்டுத் திண்ணைல நின்னு தெருவை அவன் கண்ணால பார்க்குறா. உருக்கமான இடம், எனக்கும் பிடிக்கும். ஆனா பூவுக்காக சட்டத்தை வளைக்க ஷெரிஃப்புக்கு அஞ்சு நிமிஷம் போதுமா இருந்துச்சு, டாமுக்கு சட்டத்தை நேரா வைக்கக்கூட பன்னெண்டு பேருக்கு முடியல. ரெண்டு பேரையும், யாருக்கும் கெடுதல் பண்ணாம பாடுற பறவைன்னு, அதாவது தலைப்புல வர்ற மாக்கிங்பேர்டுன்னு ஒப்பிட்டு எழுதுறப்ப இந்த வித்தியாசத்தை யாரும் சொல்றது இல்ல.

அந்தக் கடைசி ராத்திரி ஃபின்ச் வீட்ல அத்தை இருக்காங்க, டாக்டர் இருக்காரு, ஷெரிஃப் இருக்காரு, பூ இருக்கான். ஸ்கவுட்டைக் கைக்குழந்தைல இருந்து வளர்த்த கல்பூர்னியா அந்த சீன்ல இல்ல.

அவங்களைத் திரும்பப் பார்க்கணும்னா 2015ல வந்த கோ செட் எ வாட்ச்மேன்ல போய்ப் பார்க்கணும். அதைத்தான் ஹார்ப்பர் லீ மொதல்ல எழுதினாங்க, எடிட்டர் டே ஹோஹாஃப் அதுல வர்ற சின்ன வயசு ஞாபகங்களை வச்சுத் திருப்பி எழுதச் சொல்லி அதுலதான் மாக்கிங்பேர்ட் பொறந்துச்சு. அதுல ஸ்கவுட்டுக்கு இருபத்தாறு வயசு, நியூயார்க்ல இருந்து ஊருக்கு வர்றா, அப்பா இனப் பிரிவினையை ஆதரிக்கிற கவுன்சில் மீட்டிங்ல உக்காந்திருக்குறதைப் பார்த்து ஆடிப் போறா. நெறைய வாசகர்களுக்கு அட்டிகஸை இப்படிக் காட்டினது துரோகம்னு கோபம் வந்துச்சு, எனக்கு அதை விட முக்கியமா பட்டது வேற சீன். வயசான கல்பூர்னியாவோட வீட்டுக்கு, சின்ன வயசுல போக விடாத அந்த வீட்டுக்கு, ஸ்கவுட் கடைசில போறா. கல்பூர்னியா அவளை விருந்தாளியை நடத்துற மாதிரி ரொம்ப மரியாதையா, ரொம்ப தள்ளி நின்னு நடத்துறாங்க. ஸ்கவுட்டுக்குத் தாங்கல, என்னை என்ன பண்றேன்னு கேக்குறா, நீங்கல்லாம் எங்களை என்ன பண்றீங்கன்னு கல்பூர்னியா திருப்பிக் கேக்குறாங்க. எங்களை நீ வெறுத்தியான்னு இவ கேக்குறா, ரொம்ப நேரம் கழிச்சு அவங்க இல்லன்னு தலையாட்டுறாங்க. அந்த ரொம்ப நேரம் எதுக்கு எடுத்துச்சுன்னு ஸ்கவுட் கேக்கல, அப்பா சொல்லிக் குடுத்த பாடத்துல அந்தக் கேள்விக்கு இடமும் இல்ல.